புத்தகத்தின் முதல் வரி

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காகவும் இல்லை, பயத்தாலும் இல்லை. அந்தப் பெயர் வேண்டாம் என்று அவரே ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். நானும் அதை விட்டுவிட்டு மற்றதைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை.

எண்பதுகளில் மலேசியாவின் கோல சிலாங்கூரில், அரசாங்க அலுவலகங்களுக்கு எதிரே இருந்த கடை வரிசையின் முன்நடைபாதையான அஞ்சடியில், எனக்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் ஒரு பழைய டைப்ரைட்டரும் இருந்தன. மலாயில் அச்சடித்த விண்ணப்பப் பாரங்களை நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் அலுவலகத்துக்குள் நுழையும் முன் என்னிடம்தான் வருவார்கள். அடையாளக் கார்டு தொலைந்தவர்கள், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் ஏழு வருஷம் தூங்கியவர்கள், லோரி லைசென்ஸ் கேட்பவர்கள் என்று எல்லாரையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அவர் பந்தல்காரர். கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, இரும்புக் குழாய்களையும் தார்ப்பாயையும் லோரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் இரண்டு மணி நேரத்தில் கூரை எழுப்பிவிடுவார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அதில் ஒன்று எழுதாது. உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால் அவரைவிட நேர்த்தியாகப் பந்தல் போடுகிறவர்கள் எங்கள் வட்டாரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் அவரைவிட முன்னால் போய் நிற்கிறவர் ஒருவரும் இல்லை.

முன்னால் நிற்பதுதான் அவருடைய குணமே. பஸ் ஸ்டாண்டில் அவர் முதலில் ஏற வேண்டும். கோயிலில் விபூதி அவர் கைக்கு முதலில் வர வேண்டும். எனக்குத் தெரிந்து மூன்று கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமனை மறைத்துக்கொண்டு இவர் நிற்கிறார். திட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டார். குழந்தை மாதிரி சிரிப்பார்.

"தேடி வர்றவன் கண்ணுல மொதல்ல நாமதான் படணும் தங்கச்சி. ரெண்டாவதா பட்டா, அவன் கண்ணு அதுக்குள்ள நெறஞ்சு போயிருக்கும்" என்பார்.

என் அண்ணன் மகள் இப்போது கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கடைக்காரர்களுடைய இணையப் பக்கங்களைத் தேடுபொறியில் மேலே கொண்டுவருவதுதான் வேலையாம். ஜனங்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள் என்று கண்டுபிடித்து அந்த வார்த்தைகளைப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். ஊரில் நாலு பேருடைய பக்கங்கள் நம்மைக் கைகாட்டும்படி செய்ய வேண்டுமாம். முதல் பக்கத்தில் வராதவன் உலகத்தில் இல்லாதவனுக்குச் சமமாம். போன தீபாவளிக்கு வந்தபோது பெருமையாக விளக்கினாள். "அதெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாமலே ஒரு பந்தல்காரரு செஞ்சாரு கண்ணு" என்றேன். அவள் நம்பாமல் சிரித்தாள். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

அவர் வீட்டு வாசலில் இருந்த பலகையை முதல் தடவை பார்க்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். ஒரு கதவின் அளவு இருக்கும். பந்தல் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாதா? போதாதாம். பந்தல், பந்தலு, கொட்டகை, கொட்டாய், சாமியானா, கூடாரம், மலாய்க்காரர்கள் சொல்கிற கெமா என்று மேலிருந்து கீழ்வரை எழுதி, சீனத்தில் இரண்டு எழுத்து, இங்கிலீஷில் ஒரு வரி என்று ஓர் அங்குலம் விடாமல் நிரப்பியிருந்தார். எழுதிய பெயின்டர் தப்பும் தவறுமாக இருக்கிறதே என்று தயங்கியிருக்கிறான். நானும் கேட்டேன்.

"கொட்டாய்னு எழுதியிருக்கீங்களே அண்ணே, தப்பு இல்லையா?"

"தப்பா சொல்றவன் வீட்டுல கல்யாணம் நடக்காதா தங்கச்சி?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆளிடம் நான் வாயை மூடிய சில தடவைகளில் அது ஒன்று.

அந்த வார்த்தைகளை அவர் சும்மா எடுக்கவில்லை. காப்பிக் கடையில் ஒரு மூலை மேசையில் காலையில் உட்கார்ந்தால் பத்து மணிவரை அசையமாட்டார். பசியாற வருகிறவர்கள் தங்களுக்குள் பேசும்போது எந்த வார்த்தையைச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டு, எழுதுகிற பேனாவால் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். கெமா என்ற வார்த்தையும் அப்படி வந்ததுதான். ஆற்றோரத்துக் கம்போங் குவாந்தானிலிருந்து ஒரு மலாய்க் குடும்பம் கல்யாணத்துக்குக் கூடாரம் தேடிக் கடை கடையாகக் கேட்டுக்கொண்டு போனது. மற்றப் பந்தல்காரர்களின் பலகைகளில் தமிழ் மட்டும் இருந்தது. இவர் அன்று மத்தியானமே பெயின்டரைக் கூட்டிவந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆற்றோரத்துக் கல்யாணங்கள் அத்தனையும் இவருக்குத்தான்.

பலகையைத் தாண்டி மனிதர்களிடமும் அவர் வேலை செய்தார். முடிவெட்டும் கடை, நகைக்கடை, கோயில் பூசாரி, பிள்ளைப்பேறு பார்க்கிற அம்மாள், பஸ் கண்டக்டர் என்று யாரிடமெல்லாம் ஜனங்கள் விசாரிப்பார்களோ அவர்களிடமெல்லாம் இவர் உறவு வைத்திருந்தார். கையூட்டு கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஒழுகுகிற கூரைக்குத் தார்ப்பாய் போட்டுக் கொடுப்பார், உடைந்த நாற்காலிக்கு இரும்பு வைத்துத் தருவார், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் உண்மையிலேயே தன் பெயரைச் சொல்கிறார்களா என்ற கவலையில் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு நாள் என்னையே வேவு பார்க்க அனுப்பினார்.

"நீ போயி பாய் கடையில சும்மா கேளு. பந்தல் போட யாரு இருக்கான்னு மட்டும் கேளு. என்னையத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

போனேன். முக்குச் சாப்பாட்டுக் கடை பாய் ராமநாதபுரத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டு மூணு பேரு இருக்காக தாயி" என்று ஆரம்பித்து இன்னொரு பந்தல்காரரின் பெயரை முதலிலும் இவர் பெயரை இரண்டாவதாகவும் சொன்னார். நான் திரும்பி வந்து அப்படியே சொன்னேன். மனுஷர் முகம் செத்துவிட்டது. அன்று அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை, நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த வாரம் பாய்மார் தொழுகிற சூராவில் நடந்த விருந்துக்குத் தானே போய்ப் பந்தல் போட்டுக் கொடுத்து, கஞ்சி காய்ச்சுகிற இடத்தில் கரண்டியும் பிடித்தார். அதற்கு அடுத்த வாரம் மறுபடியும் என்னை அனுப்பினார். இந்தத் தடவை இவர் பெயர் முதலில் வந்தது. நான் அதைச் சொன்னதும் எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "எப்படிச் சொன்னாரு, யோசிச்சுச் சொன்னாரா, டக்குனு சொன்னாரா?" என்று மூன்று தடவை கேட்டார்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. முதன்முதல் பயந்தது பெரியவர் ஒருவருடைய வீட்டில்தான்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நெஞ்சுவலி வந்து படுத்திருந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனதை யாரோ முடிவெட்டும் கடையில் சொல்லியிருக்கிறார்கள். நான் அன்று அந்த வீட்டுக்கு ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். வெளியே லோரிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், குழாய்களும் தார்ப்பாயுமாக நம் ஆள் வந்து இறங்குகிறார். உள்ளே ஆள் உயிரோடு படுத்திருக்கிறார். கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. பெரியவர் தலையைத் திருப்பி லோரியைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யாருக்கும்மா பந்தலு?" என்று கேட்டார்.

அவருடைய மகள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். இவர் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் தூரமாகப் போகவில்லை. வளைவில் ரப்பர் மரங்களுக்குக் கீழே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நான் திரும்பும்போது அங்கே போய்க் கிழி கிழி என்று கிழித்தேன்.

"மனுஷனாண்ணே நீங்க? உசுரு இருக்கும்போதே வந்து நிக்கறீங்களே!"

"கோவப்படாத தங்கச்சி. அப்புறம் வந்தா அடுத்தவன் வந்துருவான்லா" என்றார். அவருக்கு அது தப்பு என்றே படவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. பெரியவர் அன்றைக்குச் சாகவில்லை. இன்னும் மூன்று வருஷம் இருந்து, பேத்தி கல்யாணத்துக்கு வேறு ஆளை வைத்துப் பந்தல் போட்டு, இவரை அழைத்து முதல் பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்பினார்.

டெலிபோன் விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. போட்டிப் பந்தல்காரர் போன் வாங்கினார். அவருடைய பெயர் இங்கிலீஷில் ஏ எழுத்தில் ஆரம்பிக்கும். அந்த வருஷத்து டெலிபோன் புத்தகத்தில் முன்பக்கத்திலேயே வந்துவிட்டார். நம் ஆளுடைய பெயரோ கடைசிக்கு நாலு எழுத்து முன்னால் கிடப்பது. தோட்டப் பள்ளிக்கூடத்திலும் பெயர் கூப்பிட்டுப் பால் ஊற்றும்போது இவர் முறை வருவதற்குள் வாளி காலியாகிவிடுமாம். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். தபால் அலுவலகத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த புத்தகத்தை மூன்று நாள் நின்று புரட்டியிருக்கிறார். நான்காம் நாள் டெலிபோன் இணைப்புக்கான விண்ணப்பப் பாரத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"பேரு எடத்துல நான் சொல்றத மட்டும் அடி. மேல ஒரு எழுத்து போடாத."

"சொல்லுங்கண்ணே."

"ஏ. ஒரு சாஞ்ச கோடு. எல். ஆறுமுகம்."

எனக்குப் புரியவில்லை. எங்கள் அடையாளக் கார்டுகளில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் அந்த ஏயும் எல்லும் நிற்கும். மகன் என்பதற்கு மலாயில் உள்ள சொற்களின் முதல் எழுத்துகள் அவை. இன்னார், ஆறுமுகத்தின் மகன் என்று எழுத வேண்டும். இவர் இன்னாரை வெட்டிவிட்டு மகனிலிருந்து ஆரம்பிக்கிறார்.

"இதுல ஒங்க பேரே இல்லையே?"

"வேணாம். அது கடைசியில கெடக்குற பேரு. புத்தகத்தத் தொறக்கறவன் அது வரைக்கும் வருவானா? வெரல் நோவாதா? தனி எழுத்தெல்லாம் மேலதான் நிக்கும், பாத்துட்டேன். இது நம்ம வட்டாரத்துல மொத பக்கம், மொத வரி."

"ஆனா நீங்க யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"ஆறுமுகம் மவன். பொய்யா? தேடறவனுக்குப் பந்தல்தான் வேணும், என் பேரா வேணும்?"

"தெரிஞ்சவங்க தேடுனா?"

"தெரிஞ்சவன் எதுக்குப் புத்தகத்தப் பாக்கறான்? நேரா வீட்டுக்கு வருவான்லா. புத்தகம் தெரியாதவனுக்குத்தான்."

சரியான பேச்சாகத்தான் பட்டது. நான் தட்டினேன். டைப்ரைட்டரில் அந்தச் சாய்ந்த கோடு கொஞ்சம் மக்கர் செய்யும். இரண்டு தடவை அழுத்தினேன். பாரத்தை உருவி எடுக்கும்போது அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. கொலசாமிக்கு வேண்டிக்கிட்டு வச்ச பேரு. கேட்டா அதுக்குச் சோறு எறங்காது" என்றார். அவருடைய அம்மா தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இவருடைய தங்கை குடும்பத்தோடு இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அங்கே போகும்போது மட்டும் லோரியை லயத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவார்.

டெலிபோன் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். அடையாளக் கார்டில் அந்த எழுத்துகள் இருக்கின்றன அல்லவா, முத்திரை குத்திவிட்டார்.

புதுப் புத்தகம் வந்தது. முதல் பக்கம், முதல் வரி. அதற்கு அப்புறம் அந்தப் போன் ஓயவில்லை. டாக்சி வேண்டும் என்று கேட்பார்கள், பல் டாக்டரா என்று கேட்பார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சும்மா அடித்துச் சிரிப்பார்கள். எல்லாருக்கும் இவர் அன்பாகப் பதில் சொல்லி, கடைசியில் பந்தல் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று முடிப்பார். தூரத்துப் பத்தாங் காலியிலிருந்துகூடக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் அவர் இரண்டாவது லோரி வாங்கினார்.

புத்தகத்தை அம்மாவிடமும் கொண்டுபோயிருக்கிறார். சும்மா இருக்க முடியவில்லை. "ஒம் மவன் பேரு புத்தகத்துல வந்துருச்சும்மா" என்று பிரித்து, அந்த வரியில் அம்மாவின் விரலைப் பிடித்து வைத்திருக்கிறார். அந்த அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, லயத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, தான் சாமியிடம் வாங்கி வந்த பெயர் அச்சில் வந்துவிட்டது என்று காட்டினாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாளைச் சொன்ன பிறகு எனக்கு வேறு எதுவும் சொல்ல வராது. அவர் பலகையைக் கழற்றிவிட்டார். போன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஆனால் யார் கூப்பிட்டாலும் போட்டிப் பந்தல்காரரின் நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஆறு மாதத்தில் லோரி இரண்டும் போயின. பிறகு குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்கே என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. நான் மட்டும் என்ன? அதற்கப்புறம் பெயர் என்று அச்சடித்திருக்கும் கட்டத்தில், எதிரில் இருக்கிற ஆளின் பெயரை இரண்டு தடவை கேட்காமல் நான் ஓர் எழுத்தும் தட்டியதில்லை.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். தோட்டத்துக் கிராணி மோட்டார் சைக்கிளில் வேர்த்து விறுவிறுக்க வந்தார். கணக்கு எழுதுகிற மனுஷர், அலுவலகத்தைவிட்டு எழுந்து வருகிற ஆள் இல்லை. அவருக்குப் பின்னால் பந்தல்காரரின் லோரி வந்து நின்றது. கிராணிதான் சொன்னார். முதல் நாள் காலையில் அந்த அம்மா, பத்தாங் காலியில் உடம்பு முடியாமல் இருக்கும் தம்பியைப் பார்க்கத் தனியாகப் பஸ் ஏறியிருக்கிறார். வழியில் பஸ் மாறும் இடத்தில் மயங்கி விழுந்துவிட்டார். யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு உயிர் போய்விட்டது. அடையாளக் கார்டில் இருந்த தோட்டத்து முகவரியை வைத்துப் போலீஸ் மறுநாள் காலையில் தோட்டத்து ஆபீசுக்குத் தகவல் கொடுத்தது. அதுவரை இங்கே ஒருவருக்கும் தெரியாது. மகள், அம்மா தாய்மாமன் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். தாய்மாமனோ அக்கா வருவதையே அறியவில்லை.

"அங்க பாரம் இருக்குமாம் தங்கச்சி, மலாயில. நீ வந்து அடிச்சுக் குடு" என்றார் அவர். நான் லோரியில் ஏறி உட்கார்ந்தேன். அன்று காலை அவர் வேலைக்குப் போயிருந்த நிச்சயதார்த்த வீட்டில் பாதி இறக்கியிருந்த பந்தல் சாமான்களில் மீதி லோரியின் பின்னால் தடதட என்று ஆடிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் பாரத்தை நான் நிரப்பினேன். இறந்தவருக்கு உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதினேன். அப்போது வார்டு அட்டெண்டன்ட் ஒரு தமிழ்ப் பெண், டவுனில் பிறந்து வளர்ந்தவள், எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்கதான் மவனா? அண்ணே, அவங்க மத்தியானம் வரைக்கும் நல்லாப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க. யாரையாவது வரச் சொல்லணும், நம்பர் இருக்காம்மான்னு கேட்டேன். மவன் வீட்டுல போன் இருக்கு, புத்தகத்துல பேரு இருக்கு, எனக்கே காட்டுனான்னாங்க. ஒங்க பேரச் சொன்னாங்க. நானும் புத்தகத்த எடுத்துக்கிட்டு வந்து அவங்க கட்டில்லயே ஒக்காந்து தேடுனேன். வி எழுத்துல பாத்தேன், டபிள்யூ எழுத்துல பாத்தேன், சில பேரு பி போட்டு எழுதுவாங்களேன்னு அதுலயும் பாத்தேன். இல்லண்ணே."

நான் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"சில வீட்டுல அப்பா பேருல போன் வச்சிருப்பாங்களேன்னு, அவரு பேரு என்னம்மான்னு கேட்டேன். வாயத் தொறக்க மாட்டேன்னுட்டாங்க. வெக்கப்படற மாதிரி சிரிச்சாங்க. அப்புறம் ஒரு கைய விரிச்சுக் காட்டி, இன்னொரு கையில ஒரு வெரலக் காட்டி, மூஞ்சியத் தடவுனாங்க. மறுபடியும் அதே மாதிரி செஞ்சாங்க, மூணு நாலு தடவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மூஞ்சி கழுவணும்னு கேக்கறாங்கன்னு நெனச்சு, தண்ணி கொண்டாந்து நல்லாத் தொடச்சு விட்டேண்ணே."

நான் என் கையை விரித்துப் பார்த்தேன். ஒரு கை ஐந்து. இன்னொரு விரலோடு ஆறு. பிறகு முகம்.

எங்கள் லயத்து அம்மாக்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். உயிரோடு இருந்தாலும் சரி, செத்து இருபது வருஷம் ஆனாலும் சரி. கிராணி பெயர் பதியும்போதும் ஜாடைதான் காட்டுவார்கள், பக்கத்தில் இருக்கிறவர் சொல்ல வேண்டும். அந்தப் பெண் அதைக் கண்டதில்லை. அவளைச் சொல்லிக் குற்றம் இல்லை. சாகக் கிடக்கிற ஒரு பொம்பளை, தன்னால் முடிந்த ஒரே வழியில் மகனுடைய வரியைச் சரியாகக் காட்டியிருக்கிறாள். முதல் பக்கத்தில், முதல் வரியில், என் விரல் தட்டிய அதே எழுத்துகள். புத்தகம் அவள் கட்டிலின்மேல்தான் இருந்திருக்கிறது.

அவருக்கும் புரிந்துவிட்டது. அது அவர் முகத்தில் தெரிந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் பயந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"அதுக்கப்புறம் அம்மா எதுவும் சொல்லலையா?" என்று கேட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை.

"நாந்தாண்ணே... ரொம்ப நேரம் தேடிட்டு, அந்தப் பேருல யாருமே இல்லம்மான்னு சொல்லிட்டேன். இருக்கான் தாயி, நல்லாப் பாருன்னாங்க. அவங்க மனசு ஒடையக் கூடாதேன்னு திரும்பவும் அதே பக்கத்தத் தொறந்து ஒவ்வொரு பேராப் பாத்தேன். சத்தியமா பாத்தேன். இல்லதானேண்ணே?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "அந்தப் பேருல யாரும் இல்ல."